துரை விட்டுப்போன தொப்பி: மேல்பட்டாம்பாக்கம் வழியாக நெய்வேலிக்கு

கடந்த ஜூன் மாதம், மூன்றாவது திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு, குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையில், முறுக்கு டின்னைப் பயணத்துக்கு எடுத்துச் செல்வது என்று முடிவு செய்யப்பட்டது. இரண்டு நாள் ஆலோசனைக்குப் பிறகு எட்டப்பட்ட முடிவு இது. மிக்சி வந்த அட்டைப்பெட்டி நீளம் போதாது என்றும், ஐந்து லிட்டர் குக்கர் பேருந்தில் சந்தேகத்தைக் கிளப்பும் என்றும் நிராகரிக்கப்பட்டன. டின் எவர்சில்வர், பத்து அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், எறும்பு நுழையாத மூடி. உள்ளே இருந்த முறுக்கு தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. “டின் திரும்பி வரணும்” என்ற ஒரே நிபந்தனையுடன் என் மனைவி ஒப்புதல் அளித்தார்.

டின் எதற்கு என்றால், ஒரு வெல்வெட் தொப்பியைக் கசங்காமல் கொண்டுவருவதற்கு. தொப்பி யாருடையது என்பது கொஞ்சம் நீளமான கதை.

இந்த வலைப்பக்கத்தில் கடலூர்ப் பக்கத்து வெள்ளைக்காரர் கல்லறைகளைப் பற்றி நான் எழுதிய பதிவை மொத்தம் நாற்பத்தொரு பேர் படித்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூரில் இருக்கும் ஜீன் என்ற எண்பத்தொரு வயதுப் பெண்மணி. மொழிபெயர்ப்பு எந்திரத்தின் வழியாகப் படித்ததாக எழுதியிருந்தார். எந்திரம் அவருக்கு என்ன சொன்னதோ, நான் கல்லறைகளில் குடியிருப்பதாக நினைத்து முதலில் அனுதாபம் தெரிவித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அவருடைய அம்மாவுக்குத் தாய்மாமன் ஒருவர், பெயர் ஹெக்டர் டன்பார். முதல் உலகப் போருக்கு முன் மேல்பட்டாம்பாக்கத்தில் தங்கி, அந்த வட்டாரத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் கொதிகலன் எஞ்சினியராக இருந்தவர். அதற்கும் முன்னால் ஸ்காட்லாந்து நாட்டுக்காக ரக்பி ஆடியவர்.

ரக்பி தெரியாதவர்களுக்கு: பந்து முட்டை வடிவம். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். எதிரணியினர் மேலே விழுந்து தடுக்கலாம், விழுவார்கள். பந்தை முன்னால் இருப்பவனுக்கு வீசக்கூடாது. பின்னால் ஓடிவருபவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். முன்னேறுவதற்காகப் பின்னால் அனுப்பும் இந்த முறை, நம் ஊர் அலுவலகங்களில் கோப்புகளைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல.

அந்த நாட்டில் தேசிய அணிக்கு ஆடியவருக்கு ஒரு வெல்வெட் தொப்பி கொடுப்பார்கள். குஞ்சம் வைத்து, வெள்ளிச் சரிகை ஓரம் கட்டி, நடுவில் அவர்கள் நாட்டு முள்செடியின் பூவைத் தைத்திருப்பார்கள். டன்பார் நான்கு ஆட்டங்கள் ஆடினார். மூன்றைப் பற்றி யாருக்கும் எதுவும் நினைவில்லை. நான்காவதில், எதிரே ஒருவரும் இல்லாத நிலையில், தாண்டினால் புள்ளி கிடைக்கும் கோட்டுக்கு இரண்டடி முன்னால் பந்தைக் கைநழுவ விட்டார். ஜீனின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எந்தக் குழந்தை தம்ளரைக் கீழே போட்டாலும் “இன்னொரு ஹெக்டர்” என்பார்களாம்.

அதற்குப் பிறகுதான் அவர் கப்பல் ஏறினார். சில வருடங்கள் இங்கே இருந்தார். போர் வந்ததும் திரும்பிப் போய்ப் படையில் சேர்ந்தார், பிரான்சில் இறந்தார். கிளம்பும்போது வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், கப்பலின் ஈரம் ஆகாது என்பதால் தொப்பியைச் சமையல்காரர் வரதனிடம் கொடுத்திருப்பதாகவும், திரும்பி வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். அந்தத் தொப்பி இப்போது இருக்குமா என்று ஜீன் கேட்டார். இருக்காது என்று பதில் எழுதிவிட்டு டின்னைத் தயார் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை 5.10க்குக் கிளாம்பாக்கத்தில் விழுப்புரம், பண்ருட்டி வழியாகப் போகும் அரசுப் பேருந்து. பண்ருட்டிக்கு 155 ரூபாய். இடது பக்கம் உட்கார்ந்தால் விழுப்புரம் வரை வெயில் படும்; வலது பக்கம் உட்கார்ந்தால் பாட்டு கேட்கும். நான் வெயிலைத் தேர்ந்தெடுத்தேன். 8.55க்குப் பண்ருட்டி. பேருந்து நிலையத்துக்கு வெளியே பலாப்பழங்கள் மனிதர்களைவிட அதிக இடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இரண்டு இட்லி, ஒரு வடை, நாற்பது ரூபாய். 9.30க்குக் கடலூர் போகும் டவுன் பஸ். பதினைந்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடம், மேல்பட்டாம்பாக்கம்.

இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: துரையின் பங்களா இல்லை. அது இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் செல்போன் கோபுரம் இருக்கிறது. கோபுரத்தை ஐந்து நிமிடம் பார்த்தேன். பிறகு கடைத்தெருவில் ஒரு டீக்கடைக்கு வந்தேன். கடையை நடத்துபவர் ஐம்பது வயதுப் பெண்மணி.

“யார் வூடு தேடறீங்க?” என்றார்.

நூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிருந்த ஒரு வெள்ளைக்காரரின் சமையல்காரருடைய வாரிசுகளை என்றேன். மூன்று நாட்களாவது தேட வேண்டியிருக்கும் என்ற கணக்கில், விடுப்பும் அதற்கேற்ப எடுத்திருந்தேன்.

“தொப்பி வூடா?” என்றார், ஆற்றிய டீயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார்: “பேருதான் தொப்பி வூடு. அந்த வூட்ல ஒருத்தன் தொப்பி போட்டு நான் பாத்ததில்ல. வெயில்ல துண்டுதான் கட்டுவானுங்க.”

குடும்பம் இப்போது இங்கே இல்லை. வரதனின் பேரன் சுரங்கத்தில் வேலை கிடைத்து நெய்வேலிக்குப் போய்விட்டாராம். இப்போது இருப்பது அவருடைய மகன் ஏழுமலை. அவருக்கும் சுரங்கத்தில்தான் வேலை. கடைக்காரப் பெண்மணி ஏழுமலையின் மனைவிக்கு உறவு. உடனே போன் போட்டார்.

“மல்லிகா, தொரை வூட்லேர்ந்து ஆளு வந்துட்டாங்கடி. ஆமா, இப்பதான். பொட்டி எல்லாம் எடுத்துகினு வந்திருக்காரு.”

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டுத் திருத்தியிருக்க வேண்டும். டீ நன்றாக இருந்தது. பன்னிரண்டு ரூபாய்.

பெரியவரிடம் துரையைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். அவருடைய தாத்தா ஆலையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் துரை ஆலைத் தொழிலாளர்களை ஆற்றுமணலுக்குக் கூட்டிப் போவாராம். உரித்த தேங்காய் ஒன்றை வைத்துக்கொண்டு ஓடுவாராம். மற்றவர்கள் அவரை மடக்க வேண்டும். துரையைத் தொட்டுக் கீழே தள்ள யாருக்கும் துணிவு வராததால், ஒவ்வொரு வாரமும் துரையே ஜெயித்தாராம்.

“எங்க தாத்தா சொல்லுவாரு, மணிக்கணக்குல தேங்காய கட்டிகினு ஓடறான், சாமிக்கும் ஒடைக்கல, சட்னிக்கும் ஒடைக்கலன்னு.”

அந்தத் தேங்காயை ஒருமுறையாவது கீழே போட்டாரா என்று கேட்டேன். அப்படி யாரும் சொல்லவில்லை என்றார். இதை ஜீனுக்குத் தெரிவிக்கக் குறித்துக்கொண்டேன்.

11.20க்குத் திரும்பப் பண்ருட்டி; அங்கிருந்து 12.15க்குக் கும்பகோணம் பேருந்து. நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்க வேண்டும். சுமார் 25 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், முப்பது ரூபாய். அங்கே ஷேர் ஆட்டோ கிடைக்கும்.

“எந்த பிளாக்?” என்றார் ஓட்டுநர்.

“ஏழுமலைன்னு ஒருத்தர். மைன்ஸ்ல வேலை பார்க்கிறார்.”

“மைன்ஸ்ல வேல பாக்கற ஏழுமலைன்னு தேடினா நாம பொங்கல் வரைக்கும் சுத்தணும் சார். பேரு வேணாம். பிளாக் சொல்லுங்க, குவார்ட்டர்ஸ் நம்பர் சொல்லுங்க.” என் மடியில் இருந்த டின்னைப் பார்த்தார். “முறுக்கு யாவாரமா?”

“இல்லை. ஒரு தொப்பி வாங்க வந்தேன்.”

“தொப்பி மெயின் பஜார்லயே கெடைக்குதே.”

மெயின் பஜாரில் சாப்பாடு தொண்ணூறு ரூபாய். சாப்பிட்டுவிட்டு, ஆட்டோவுக்கு இன்னொரு இருபது கொடுத்து, டீக்கடைப் பெண்மணியிடம் போனில் கேட்டறிந்த குவார்ட்டர்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 2.35. வழி நெடுக நிழல். எண் போட்ட தெருக்கள், எண் போட்ட வீடுகள். திட்டமிட்டுக் கட்டிய ஊரில் நடப்பது, நன்றாகத் தொகுத்த அகராதியைப் புரட்டுவதுபோல. தேடியது கிடைத்துவிடும், வழி தவறும் இன்பம் கிடையாது.

மல்லிகா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கூடத்தில் பாதிச் சாமான்கள் மூட்டையாகக் கட்டியிருந்தன. நாற்காலியில் புதுத் துண்டு விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம்.

“உக்காருங்க சார். அவரு இன்னும் வரல. பர்ஸ்ட் ஷிப்டு. ரெண்டு மணிக்கு முடியணும். ரிலீவர் லேட்டாம்.”

சுரங்கத்தில் ஓடும் நிலக்கரி பெல்ட் ஒன்றின் இயக்கம் ஏழுமலையின் பொறுப்பு. அடுத்த ஷிப்டுக்காரர் நேரில் வந்து, “நான் பாத்துக்கறேன்” என்று சொல்லும் வரை இடத்தை விட்டு நகர முடியாது.

“எங்க கல்யாணத்துக்கு மொத நாளு மாப்பிள்ள அழைப்புக்கே ஒன்றர மணி நேரம் லேட்டு” என்றார் மல்லிகா. “மேளக்காரங்க எல்லாம் காத்துகினு கெடக்கறாங்க. இவரு ரிலீவர் வரலன்னு பெல்ட்டு பக்கத்துல நின்னுகினு இருக்காரு.”

ஏழுமலை வந்தபோது மணி 3.25. உயரமான, மெலிந்த மனிதர். முகம் கழுவிக்கொண்டு, வேட்டி மாற்றிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். கைகுலுக்கவில்லை, கும்பிட்டார்.

“வர்ற முப்பதாம் தேதி எனக்கு ரிட்டையர்டு சார். குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். வடலூர் கிட்ட ஒரு வூடு கட்டியிருக்கேன். எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டேன். அத மட்டும் எந்த மூட்டையில வெக்கறதுன்னு தெரியல. அடுத்தவங்க பொருளு. நீங்க வந்துட்டீங்க.”

இந்த முறை டீ எதுவும் கையில் இல்லாததால் உண்மையைச் சொன்னேன். நான் துரை வீட்டு ஆள் இல்லை. துரைக்குத் தங்கை ஒருவர் இருந்தார். அவருடைய மகளின் மகள்தான் என்னை அனுப்பியவர். எனக்கும் அந்தக் குடும்பத்துக்கும் தொடர்பு மின்னஞ்சல் மட்டுமே.

ஏழுமலையின் முகம் ஷிப்டு முடியாதவருடைய முகமாக மாறியது. மல்லிகா வேறு கணக்குப் போட்டார்.

“அப்ப அந்தம்மாவோட அம்மாவுக்கு இவரு தாய்மாமனா?”

“ஆமாம்.”

“கேட்டீங்களா? தாய்மாமன் சீர நூறு வருசமா நாம அடக்கி வெச்சிகினு இருக்கோம்.”

“சும்மா இரு மல்லிகா.”

ஏழுமலை உள்ளே போய் ஒரு சூட்கேசைக் கொண்டுவந்தார். அதற்குள் வெள்ளை வேட்டி. வேட்டிக்குள் வசம்புத் துண்டுகள். அவற்றின் நடுவில் தொப்பி. கருநீல வெல்வெட், மங்கிய சரிகை, பாதி உதிர்ந்த குஞ்சம். நடுவில் முள்பூ. பூவைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு, கெட்டியாக, ஏறக்குறைய கறுத்துப்போன சிவப்பு.

அவர் அந்தச் சிவப்பின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு பேசினார்.

“ஆயுத பூஜைக்கு ஆயுதத்த வெச்சிக் கும்புடுவோம் இல்லிங்களா. எங்க தாத்தாவோட அப்பா, தொரையோட தொழிலுக்கு உண்டான சாமான் இது, இதுக்கும் செய்யணும்னு சந்தனம், குங்குமம் வெச்சிட்டாரு. அப்புறம் தாத்தா வெச்சாரு. அப்பா ஸ்பேனரு, டார்ச்சு, டிபன் கேரியரு, எல்லாத்தோடயும் இதையும் வெச்சாரு. நானும் வெச்சேன். ஒரு வருசம் கூட வுடல. வேணும்னு கெடுக்கல சார். ஆனா பொருளு டேமேஜ்தான். குடுத்தது மாதிரி திருப்பித் தர முடியாது.”

“போன வாரம் ஷாம்பு போட்டுக் கழுவறேன்னாரு” என்றார் மல்லிகா. “நான்தான் புடுங்கி வெச்சேன்.”

நடுவில் இருக்கும் பூ என்னவென்று தெரியுமா என்று பேச்சை மாற்றினேன்.

“பலாப்பழந்தானே?” என்றார் ஏழுமலை. “தொரைக்குப் பலான்னா உசுரு, அதான் தொப்பியிலயே போட்டுக்கினாருன்னு சொல்லுவாங்க.”

தேடல் முடியும்வரை தினமும் மாலை 4.30க்கு வீடியோ அழைப்பு என்று ஜீனுடன் பேசி வைத்திருந்தேன். அவருக்கு அது பகல் பன்னிரண்டு. அதுவரை நான் துரையின் கதையைச் சொன்னேன். நான்கு ஆட்டம், நழுவிய பந்து, பிரான்ஸ். ஆட்டத்தின் விதிகளையும் சொன்னேன். பந்தைப் பின்னால் வருபவனிடம்தான் கொடுக்க வேண்டும் என்றபோது ஏழுமலை தலையாட்டினார். “ஷிப்டு அப்படித்தான்” என்றார்.

அழைப்பு சரியான நேரத்துக்கு வந்தது. திரையில் நரைத்த முடி, மூக்குக் கண்ணாடி, பின்னால் மழை. ஏழுமலை எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மறைத்திருந்த கையை எடுத்துவிட்டு, தொப்பியை இரண்டு கைகளாலும் கேமராவுக்கு நேராகப் பிடித்தார்.

ஜீன் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். பிறகு, அது ரத்தமா என்று கேட்டார்.

நான் ஆயுத பூஜையை ஆங்கிலத்தில் விளக்கினேன். என் ஆங்கிலம் எந்திரத்தைவிடச் சற்று மேல் என்று நம்புகிறேன். ஏழுமலை நடுவில் புகுந்தார். “டேமேஜுக்கு நான் பொறுப்புன்னு சொல்லுங்க சார். தொரை வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு. நாலு தலமொறையா ரிலீவர் வரல. அதனால வெச்சிகினே இருந்துட்டோம். இத அந்தம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

ரிலீவர் என்ற சொல்லை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தேவைப்படவில்லை. ஜீனின் அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அடுத்த ஆள் வராததால் இரவுச் சாப்பாட்டுக்கு அப்பா வராத நாட்கள் தனக்கு நன்றாக நினைவிருக்கின்றன என்றார்.

நான் இதைத் தமிழில் சொன்னதும் ஏழுமலை முதல்முறையாக உட்கார்ந்தார்.

“அங்கயும் மைன்ஸா? ஓப்பனா, அண்டர்கிரவுண்டா?”

“அண்டர்கிரவுண்ட்.”

“கஷ்டம் சார். மூணு ஷிப்டா?”

“மூன்று.”

“அப்ப சரி” என்றார். எது சரி என்று சொல்லவில்லை.

ஜீன் சொன்னது இது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தொப்பி அவரிடம் போனால் சில வருடங்களில் ஏதோ ஓர் அலமாரிக்குள் போய்விடும். அங்கே அதற்குப் பூஜை செய்ய ஆள் இல்லை. ஹெக்டர் மாமாவின் பொருள் எதுவுமே யார் கையிலும் இவ்வளவு காலம் நழுவாமல் இருந்ததில்லை. ஏழுமலைக்குச் சம்மதமானால் அங்கேயே இருக்கட்டும்.

மொழிபெயர்த்தேன். மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலை அசையவில்லை.

“அதெல்லாம் அப்புறம் சார். அந்தம்மா ரிலீவ் பண்றாங்களா இல்லையா? மொதல்ல அதக் கேளுங்க.”

கேட்டேன். ஜீன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மீண்டும் போட்டுக்கொண்டார். அவருடைய அப்பா சொல்லிக் கேட்டிருப்பார் போலிருக்கிறது, சுருக்கமாகச் சொன்னார். பொருளைப் பார்த்தாயிற்று, பொறுப்பை ஏற்றுக்கொண்டாயிற்று, வரதன் இனி தன் வீட்டுக்குப் போகலாம்.

நான் அப்படியே தமிழில் சொன்னேன். ஏழுமலை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 4.52.

தொப்பியைக் கொஞ்ச நேரம் மேசைமேல் வைத்திருந்தார். யாருடைய கையிலும் இல்லாமல் அது இருந்தது. பிறகு அவரே அதை எடுத்தார்.

“இனிமே இது என் டூட்டின்னு சொல்லுங்க. இது யாரும் குடுத்தது இல்ல. நானா கேட்டு எடுத்துக்கறது.”

“முப்பதாம் தேதியோட வேல முடிஞ்சுதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தீங்க” என்றார் மல்லிகா. “பதினஞ்சு நாளுக்கு முன்னாடியே அடுத்த டூட்டிக்குக் கையெழுத்துப் போட்டாச்சு.”

நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று ஜீன் கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்தார். அடுத்த ஆயுத பூஜைக்குப் படம் அனுப்ப வேண்டும், குங்குமத்தைக் குறைக்கக் கூடாது என்றார்.

வடலூருக்குச் சாமான் வண்டியில் போகும்போது தொப்பி கசங்கிவிடும் என்று ஏழுமலை கவலைப்பட்டார். சூட்கேசின் மூடி வேறு சரியாக நிற்பதில்லை. மூவரும் ஒரே நேரத்தில் என் மடியில் இருந்த டின்னைப் பார்த்தோம்.

6.15க்கு ஆர்ச் கேட்டில் சென்னைப் பேருந்து, 205 ரூபாய், 10.50க்குக் கிளாம்பாக்கம். மல்லிகா கொடுத்த கால் பலாப்பழம் பேருந்து முழுவதையும் என் பக்கம் திரும்ப வைத்தது.

டன்பாரின் வாழ்க்கையைப் பற்றி இதுவரை அச்சில் இருந்தது அவர் பந்தை நழுவ விட்ட கதை மட்டுமே. ஒரு மனிதன் எதை நழுவ விட்டான் என்று உலகம் குறித்து வைத்துக்கொள்கிறது. எதைப் பத்திரமான கையில் கொடுத்தான் என்று குறிப்பதில்லை. ஆட்டத்தின் விதிப்படி பார்த்தால், அவர் கடைசியாகக் கொடுத்தது சரியான ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மேல்பட்டாம்பாக்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. விழுப்புரம்–கடலூர் தடத்தில் நேரம் பார்த்துப் போனால் பண்ருட்டியில் மாற வேண்டாம். நெய்வேலியில் யாரைப் பார்க்கப் போனாலும் பெயரோடு பிளாக்கையும் குவார்ட்டர்ஸ் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஷிப்டு என்றும் கேட்டுக்கொண்டு, அதன்மேல் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு, பலாப்பழம் நீங்கலாக, அறுநூற்றைம்பது ரூபாய்க்குள். ஜூனில் போவதானால் தலைக்கு ஏதாவது வைத்துக்கொள்வது நல்லது.

ஆயுத பூஜையன்று ஏழுமலை படம் அனுப்பியிருந்தார். வடலூர் வீட்டுக் கூடம். டார்ச்சு, டிபன் கேரியர், மல்லிகாவின் மிக்சி, நடுவில் தொப்பி. அதன் கீழே இருந்த டின்னுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு பிளாஸ்டிக் வாளியில் இருந்தது. இரண்டாம் நாளே நமத்துவிட்டது.